கறிச்சட்டிக்குப் போன அத்தி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தின் காயை வருஷக்கணக்காகக் கறி வைத்துத் தின்றவள் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிற பாடம் விஞ்ஞானம்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி அக்குறணைக்குப் போகிற வழியில், பஸ் போகிற றோட்டிலிருந்து மூச்சு வாங்க ஏறவேண்டிய பாதையின் முடிவில் எங்கள் வீடு. பின்பக்கம் முழுக்கச் சரிவு. வீட்டை வாங்கிக் குடிவந்த கிழமையே பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆ, உங்களுக்கு அட்டிக்கா மரமும் கிடைச்சிருக்கே" என்றார். அக்கா சிங்களவர். தபால் கந்தோரில் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். அவர் சிங்களத்தில் கேட்பார், நான் பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பதில் சொல்வேன். எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும், நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான் தலை சுற்றும். என்னை அவர் "நங்கி" என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று.

அட்டிக்கா என்றால் ஓடைக்கரையில் நிற்கிற நம்ம ஊர் அத்தி. அதன் பிஞ்சை உப்புப் போட்டு அவித்து, பால் கலந்த தண்ணீரை வடித்து, கொறக்காப் புளியும் மிளகும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வைக்கிற கறி இந்தப் பக்கத்தில் பேர்போனது. அக்கா பக்கத்தில் நின்று சொல்லித்தந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கறி இருந்தால் என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுச் சோறு போட்டுக்கொள்வார்.

"இலை கை விரிச்ச மாதிரி இருக்கே அக்கா, ஓடைக்கரையில நிக்கிறது இப்படி இல்லையே" என்று நானும் ஒருதரம் கேட்டேன்தான். "அட்டிக்காவில இது ஒரு சாதி" என்றார். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது. பிஞ்சிலேயே பறிக்க வேண்டும், விட்டால் குரங்கு வந்து கொப்போடு முறித்துக்கொண்டு போகும் என்றும் சொன்னார். ஆகவே ஒரு காயைக்கூட நாங்கள் பழுக்க விட்டதில்லை. தொட்டுப் பார்க்கிற அளவுக்கு வந்தவுடன் சட்டிக்குள் போய்விடும்.

ஒரு ஓகஸ்ட் லீவில் ஹட்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டதால் நினைத்ததைவிடக் கூடுதலாகத் தங்க வேண்டி வந்தது. திரும்பி வந்த அன்று வீட்டுக்காரர் முன்கதவைத் திறந்துகொண்டிருக்க, நான் கொடியில் விட்டுப்போன உடுப்பு என்ன கதியில் இருக்கிறதோ என்று பின்பக்கம் போனேன். ஒரு பெரிய இலைக்குப் பின்னால் ஏதோ கருஞ்சிவப்பாகத் தொங்கியது. கழுத்து வளைந்து, தோல் கீறிட்டு, அடியில் இருந்த கண்ணில் ஒரு துளி தேன் நின்றது. பாதியைக் கொண்டைக்குருவி கொத்தியிருந்தது. மற்றப் பாதி உள்ளே இளஞ்சிவப்பு. குருவி தின்ற மிச்சத்தை மனுஷி தின்னலாமா என்றெல்லாம் எனக்கு யோசனை வரவில்லை. நின்ற நிலையில் பிய்த்து வாயில் போட்டேன்.

அப்படியொரு இனிப்பு. பல்லுக்கிடையில் சின்னச் சின்ன விதை நெரிந்தது. எங்கேயோ தின்ற ருசி, எங்கே, எங்கே என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டே நின்றேன். சட்டென்று பிடிபட்டது. நோன்பு மாதத்தில் அக்குறணைக் கடைகளில் கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்களே, காய்ந்த அத்திப்பழம், அதே ருசி. காய்ந்ததில் இருக்கிறதைவிட நூறு மடங்கு.

"என்னங்க, ஓடி வாங்க, ஓடி வாங்க."

அவர் பேக்கைப் போட்டுவிட்டுத் தடியோடு வந்தார். "பாம்பா?"

"பழங்க."

"பழத்துக்கா இந்தக் கூச்சல்? நான் பயந்தே போயிட்டேன்."

அவருக்குக் கொடுக்க மிச்சம் இருக்கவில்லை. நான் கையை நக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, "டீச்சரம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று சிரித்தார். சிரித்த கையோடு ஒரு விஷயமும் சொன்னார். ஹட்டனில் இருக்கும்போதே, பாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற மேசனோடு போனில் பேசி, பின்பக்கத்துக்குக் கருங்கல் கட்டு கட்ட முற்பணமும் கொடுத்தாயிற்று. போன மழைக்குச் சரிவில் ஒரு பக்கம் வழிந்து குசினிச் சுவர் வரைக்கும் மண் வந்து நின்றது உண்மைதான். கட்டு இல்லாமல் இன்னொரு மழையைப் பார்க்க எனக்கும் தைரியம் இல்லை. ஆனால் அத்திவாரம் வெட்டுகிற இடத்தை, நாங்கள் இல்லாத நேரம் வந்து, பாஸ் ஏற்கனவே கல் வைத்து அடையாளம் போட்டிருந்தார். மரம் சரியாக அந்தக் கோட்டின் மேல் நின்றது.

"பாஸ் எப்ப வாறார்?"

"கலகெதரயில ஒரு வேலை நடக்குது. அது முடிஞ்சதும் வாறேன்னார்."

கலகெதர வேலை எப்போது முடியும் என்று பாஸுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. நாளைக்கும் வரலாம், தைக்கும் வரலாம். அவ்வளவு காலமும் கறி வைத்தது போதாதென்று, பழத்தை ருசித்த அன்றைக்கே மரத்துக்கு நாள் குறித்திருப்பதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரம் போகட்டும், அதன் உயிரை விடமாட்டேன் என்று அந்த இடத்திலேயே நினைத்துக்கொண்டேன். வேலியோரத்தில் எங்கேயாவது அதன் பிள்ளை ஒன்றாவது நிற்க வேண்டும்.

முதலில் இது என்ன மரம் என்று நிச்சயப்படுத்த வேண்டும். போனில் இலையைப் படம் எடுத்தால் பேர் சொல்கிற ஒரு ஆப் இருந்தது. காலையில் எடுத்தால் பப்பாளி என்றது. பின்னேரம் எடுத்தால் மல்பெரி என்றது. அடுத்த நாள் மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு எடுத்தேன், வெண்டி என்று சொல்லிவிட்டது. அதை அழித்துப்போட்டேன்.

பிறகு எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கீழே ஓடைக்கரையில் நிற்கிற உண்மையான அட்டிக்கா மரத்திடம் போனேன், பூசைச் சீலையோடேயே. அதில் காய் அடிமரத்தில் குலை குலையாகக் காய்த்திருந்தது. எங்கள் மரத்தில் இலைக்காம்புக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒரு குலையைப் பிடுங்கி வந்து, எங்கள் மரத்துக் காயையும் வைத்து, ஒரே பீங்கானில் இரண்டையும் பிளந்தேன். ஓடைக்கரைக் காய்க்குள்ளிருந்து எறும்பைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் எழும்பிப் பறந்தன. எங்கள் காய் சுத்தம், ஒரு பூச்சி இல்லை. உள்ளே பூச்சி இல்லாமல் அட்டிக்கா பழுக்காது என்று படிப்பிக்கிறவள் நான். பீங்கானோடு அவரிடம் ஓடினேன்.

"பாருங்க, இதுல பூச்சி இருக்கு, அதுல இல்ல."

அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சரி, இப்ப என்ன, மேளம் சொல்லவா?"

இந்த மனுஷனோடு பேசிப் பிரயோசனம் இல்லை. எனக்குப் பழுத்த பழம் ஒன்று வேண்டும், அதை விஷயம் தெரிந்தவர் ஒருவருக்குக் காட்ட வேண்டும். மரத்தில் மிச்சமிருந்த காய்களைக் குரங்கிடமிருந்தும் குருவியிடமிருந்தும் காப்பாற்ற வீட்டுக்காரருடைய பழைய காலுறைகளை எடுத்து ஒவ்வொரு காய்க்கும் மாட்டி நூலால் கட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா, "நங்கி, மரத்துக்குக் குளிரா?" என்று கேட்டார். "கிண்டல் பண்ணாதீங்க அக்கா, நீங்க சொன்ன அட்டிக்கா இது இல்ல, இது வேற" என்றேன். "எதுவா இருந்தா என்ன, கறி ருசிதானே" என்றார். நான் அடுத்த காலுறையை எடுத்தேன்.

முதல் பழம் காலுறைக்குள் பழுத்த அன்று அதை ஒரு டிபன் பெட்டியில் பஞ்சுக்கு மேல் வைத்து அக்குறணை பஸ் ஏறினேன். நாங்கள் வழக்கமாகச் சரக்குச் சாமான் வாங்குகிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அண்ணன் என்று. வாலிபத்தில் பல வருஷம் சவூதியில் வாகனம் ஓட்டியவர். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் பெட்டியைத் திறந்து காட்டியதும், நிறுத்துக்கொண்டிருந்த பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டார்.

"டீச்சர், இது எங்கால கிடைச்சிச்சி?"

"நீங்க முதல்ல என்னன்னு சொல்லுங்க."

அவர் பழத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு நான் கொண்டுபோன இலையை வாங்கிக் காம்பை ஒடித்து, கசிந்த பாலை முகர்ந்து பார்த்தார். "அத்திதான். தின்னுற அத்தி. இந்தக் கயித்துல தொங்குதே, அதுட பச்சப் பழம். நான் வேல செஞ்ச ஊட்டு முத்தத்துல ரெண்டு மரம் இருந்திச்சி. இதே வாசம்." தலைக்கு மேல் தொங்கிய மாலையிலிருந்து ஒரு காய்ந்த பழத்தை அறுத்து எடுத்து, கத்தியால் இரண்டையும் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. விதை ஒன்று, அடுக்கு ஒன்று, கண் ஒன்று. கடையில் நின்றவர்கள் எல்லாம் சுற்றிவந்து பார்த்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

"இதுல என்ன சாதி நானா?"

"அது தெரியா டீச்சர். அங்கேயே எத்தினையோ சாதி. மரம் வெச்ச ஆளத்தான் கேக்கணும்."

வைத்த ஆள் யாரென்று எங்களுக்கு வீட்டை விற்றவர்களுக்கே தெரியாது. பேர் இல்லாவிட்டால் போகட்டும், மரம் இன்னதென்று தெரிந்துவிட்டதே, எனக்கு அது போதும். நானா காசு வாங்காமல் காய்ந்த பழம் ஒரு சுருள் தந்து, "எனக்கொரு கன்டு கட்டாயம் தரணும்" என்றார். நானும் மரமே கைக்குள் இருக்கிற மாதிரி, "ஒன்னு என்ன, ரெண்டு தாறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கண்டியில் தடியை ஊன்றினால் துளிர்க்கும் என்பது எங்கள் நம்பிக்கை. செவ்வரத்தை அப்படித்தான், வேலிக்கு நடுகிற சீமைக்கிளுவை அப்படித்தான். அதே மாதிரி பென்சில் மொத்தத்தில் கொப்புகளை வெட்டி, மாட்டெரு கலந்த மண் நிரப்பிய சாடிகளில் நட்டு, மழை படுகிற இடத்தில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீரும் ஊற்றினேன். கொஞ்ச நாளில் நுனிகளில் பச்சை எட்டிப் பார்த்தது. அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகவில்லை, பறந்து போனேன். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் சொன்னேன். நானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அக்காவுக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் என்று, துளிர் விட்ட ஒரு சாடியோடு வேலிக்குப் போனேன். "இந்தாங்க அக்கா, உங்களுக்குத்தான்."

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் நங்கி. எனக்குத் தராதே."

ஏன் என்று கேட்டேன், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அட்டிக்கா இல்லை என்று சொன்னதில் கோபமோ, கறிக்குக் காய் தராமல் நிறுத்தியதில் கோபமோ தெரியவில்லை. பெரிய மனுஷி, வேண்டாமென்றால் போகட்டும் என்று சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த கிழமை துளிர் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டன. ஒன்றை இழுத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் வேர் என்று ஒரு மயிர்கூட இல்லை, கறுத்து அழுகி நாறியது. தடிக்குள் இருந்த சத்தை வைத்து இலை விட்டிருக்கிறது, நான் அதைப் பிடித்துவிட்டதென்று நம்பி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சரிவில் எறிந்தேன். எறிய எறிய ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"கலகெதரயில கூரை போட்டாச்சாம்" என்றார் அவர், அந்த நேரம் பார்த்து.

இனி விளையாட்டு இல்லை. மரத்திலேயே வைத்து வேர் பிடிக்க வைக்க வேண்டும். விண்பதியம் என்று கரும்பலகையில் எத்தனையோ தரம் படம் கீறியிருக்கிறேன், கையால் செய்தது அதுதான் முதல்தடவை. நல்ல கொப்புகளாகப் பார்த்து, பட்டையை மோதிரம் மாதிரி வட்டமாக உரித்து, நனைத்துப் பிழிந்தெடுத்த தேங்காய்த் தும்புத்தூளை வைத்து, ஷொப்பிங் பேக்கால் சுற்றினேன். அத்திப் பால் பட்டு வெயிலும் பட்டதில் கையெல்லாம் தடித்துக் கொப்பளம் போட்டது. வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால், அவருடைய உடைந்த குடையின் கறுப்புத் துணியைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் மேலால் சுற்றினேன். தையல் பெட்டியில் தடித்த நூல் என்று இருந்தது சிவப்பு நூல்தான். அதை வைத்தே இறுக்கி இறுக்கிக் கட்டினேன். கீழே நின்று பார்க்க மரம் முழுக்கக் கறுப்பு முடிச்சாகத் தொங்கியது. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், உடுப்பு மாற்றாமலே ஒரு முடிச்சின் துணியை மெதுவாக விலக்கிப் பார்ப்பேன். தும்பு, தும்பு, தும்புதான் தெரியும். ஒரு நாள் பொலித்தீனுக்கு உள்ளே வெள்ளை வெளேரென்று ஒன்று வளைந்து கிடந்தது. அடுத்ததைத் திறந்தேன், அதிலும். அதற்கடுத்ததில் இடியப்பத்தைப் பிழிந்துவிட்ட மாதிரி நிறைந்திருந்தது. வேர். ஏணியில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அவரும் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். "அட, உண்மைதான்" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

வெள்ளை வேர் பிஞ்சு வேர், தொட்டால் முறியும். கொஞ்சம் பழுத்து மண்ணிறம் ஆன பிறகுதான் வெட்டி இறக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் பாஸ் வராமல் இருந்தால் போதும் என்று தெரிந்த எல்லாப் புனிதரிடமும் மன்றாடினேன்.

கலகெதரயில் சீமெந்து தீர்ந்துபோய் வேலை நின்றது. சும்மா இருப்பானேன் என்று பாஸ் ஆட்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இடைவேளையில் போனைப் பார்த்தால் வீட்டுக்காரரிடமிருந்து வரிசையாக அழைப்பு. லீவில் வீட்டில் நின்றவர் அவர்தான்.

"பாஸ் வந்து மரத்துல கை வச்சிட்டார். நீ பயப்படாத. முடிச்செல்லாம் கவனமா எடுக்கணும்னு நல்லா சொல்லியிருக்கேன்."

சொன்னது ஆறுதலாக இருந்தாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு த்ரீவீலில் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் வாகனம் நகரவேயில்லை. பாதையின் அடியில் இறங்கி ஏறும்போதே எங்கள் வீட்டுக்குப் பின்னால் புகை தெரிந்தது.

மரம் இல்லை. மரம் நின்ற இடத்தில் குழி, பக்கத்தில் கொப்பும் இலையும் பாலோடு சீறி எரிந்துகொண்டிருந்தன. மண்ணெண்ணெய் நாற்றம். பாஸின் ஆட்கள் தள்ளி ஒதுங்கி நின்றார்கள். பாஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மிஸ், உங்களுக்கு யாரோ பெரிசா செஞ்சிருக்காங்க" என்றார் மெதுவாக. "கறுப்புத் துணி, சிவப்பு நூல். ஒன்னு ரெண்டு முடிச்சு இல்ல. ஐயாவும் கவனமா எடுக்கச் சொன்னார், அவருக்கும் விஷயம் தெரியும்போல. நாங்க கையால தொடல்ல. கம்பால கழற்றி எல்லாத்தையும் ஓடுற தண்ணியில விட்டாச்சு. மரத்துலயும் தங்கியிருக்கும்னுதான் உப்புப் போட்டு எரிச்சோம். இனி நீங்க ஒன்னுக்கும் பயப்பட வேணாம்."

என் பதியங்களைச் சூனிய முடிச்சென்று நினைத்து ஓடையில் விட்டிருக்கிறார்கள். பாஸின் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பெரிய உபகாரம் செய்த நிம்மதி. செருப்போடு ஓடைக்கு ஓடினேன். மழைத் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கல்லில் கறுப்புத் துணி ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதற்குள் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் இந்நேரம் மகாவலிக்குப் போயிருக்கும்.

"கவனமா எடுங்கன்னு சொல்லிட்டுத்தானே நான் கடைப் பக்கம் போனேன்" என்றார் அவர், என் பின்னால் வந்து நின்று.

"கவனமாத்தாங்க எடுத்திருக்காங்க" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, பிறகு அழுகை மட்டும் மிஞ்சியது. நெருப்பிலிருந்து கருகாத கொப்புகளை இழுத்தெடுத்து நட்டோம், அவரும் சேர்ந்து நட்டார். ஒன்றும் பிழைக்கவில்லை.

கட்டு நன்றாகத்தான் வந்தது. அடுத்த பெருமழைக்கு ஒரு கூடை மண்கூடக் குசினிப் பக்கம் வரவில்லை. எல்லோரும் பாஸைப் புகழ்ந்தார்கள். எனக்கு அந்தக் கருங்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. நானா போன் எடுத்துக் கன்று என்னாச்சு என்று கேட்பாரே என்று பயந்து, பருப்பைக்கூடக் கட்டுகஸ்தோட்டையிலேயே வாங்கினேன்.

சித்திரை வருஷப்பிறப்பு முடிந்து ஒரு பின்னேரம், அக்கா வேலியருகில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். அந்தச் சாடி விஷயத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு அவ்வளவாக இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். பேசாமல் வா என்று என் கையைப் பிடித்துத் தன் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

வீடு திருத்தியபோது மிஞ்சிய மணல் குவியல் ஒன்று அவருடைய கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே கிடந்தது. அதன் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி. கையை விரித்த மாதிரி இலைகள்.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். இலையைத் தொட்டேன், அதே சொரசொரப்பு. காம்பைக் கொஞ்சம் கிள்ளினேன், பால் வந்தது.

"எப்ப அக்கா? எப்ப எடுத்தீங்க?"

"நீ சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தியே, அதுக்கு அடுத்த நாள். நீ பள்ளிக்கூடம் போன பிறகு உங்க மரத்தில ஒரு கொப்பு வெட்டினேன்" என்றார், வெட்கமே இல்லாமல். "நீ கையால தந்து நான் வாங்கினா அது பிடிக்குமா, நங்கி? செடியைக் களவாத்தான் எடுக்கணும். எடுத்ததையும் சொல்லக்கூடாது. நல்லா வேர் பிடிச்சு நிக்கும்வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது. அன்னைக்கு நீ ஓடைப் பக்கம் அழுதுகொண்டு வந்தப்ப எனக்கு எப்படி இருந்திச்சுன்னு தெரியுமா? நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருந்தேன்."

விஞ்ஞான டீச்சருக்கு வாய் சும்மா இருக்குமா? மழை படாத தாழ்வாரம், ஈரம் தங்காத மணல், மொத்தமான முற்றிய கொப்பு, இவைதான் காரணம், களவு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அந்த இலைகளைப் பார்த்தேன், பாடத்தை அத்தோடு விட்டுவிட்டேன். அடியில் மணலுக்குள்ளிருந்து ஒரு பக்கக்கன்று தனியாக எழும்பி நின்றது. அதற்குச் சொந்த வேரும் இருக்கும் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. எனக்கு நாக்கு ஊறியது.

"அக்கா, எனக்கு அந்தச் சின்னதைத் தருவீங்களா?"

அக்கா நெற்றியில் கை வைத்தார். "ஐயோ, கேட்டுட்டியே. இனி எப்படித் தாறது?" கொஞ்சநேரம் செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சீலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பினார். "நாளைக்குப் போயா, பௌர்ணமி. விடிஞ்சதும் நான் பன்சலைக்குப் போனா சில் எடுத்து, விரதம் இருந்துட்டுப் பின்னேரம்தான் வருவேன். வீட்டில ஒரு குருவியும் இருக்காது. பின்பக்கத்துக் கேட்டுக்குக் கொளுவியும் இல்ல. எவனாவது வந்து எதையாவது தூக்கிக்கொண்டு போனாலும் எனக்குத் தெரியவராது."

அடுத்த நாள் விகாரைக்குப் போகிற வெள்ளை உடுத்துக்கொண்டு, பாதை முழுக்கக் கேட்கிற மாதிரி "நான் போறேன், நான் போறேன்" என்று சொல்லிக்கொண்டு அக்கா இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் ஜன்னலருகில் காவல் நின்றார், யாரிடமிருந்து காவல் என்று கேட்டுச் சிரித்தபடியே. ஐம்பது வயதை எட்டப்போகிற நான், ஊருக்குள் டீச்சர் என்று பேர் எடுத்த நான், பட்டப்பகலில் அடுத்தவர் வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு குனிந்து குனிந்து போனேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

செடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டிருந்தது. அதன் மேல் புதிதாகத் தீட்டிய கத்தி ஒன்று. வேரைச் சுற்றிக் கொண்டுபோக நனைத்து வைத்த வாழைமடல். அதைக் கட்ட ஒரு நார்த் துண்டு. கள்ளிக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் அக்கா பன்சலைக்குப் போயிருந்தார். எனக்குக் கண் மறைத்தது. கத்தியை எடுத்து வெட்டவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கன்று இப்போது எங்கள் தாழ்வாரத்துக்குக் கீழே, மணலில், என் இடுப்பளவுக்கு நிற்கிறது. வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

களவெடுத்த அன்று பின்னேரம் அக்கா பன்சலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே வேலிக்கு வந்தார். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன், நகத்துக்குள் இருந்த மணல் போகவேயில்லை.

"நங்கி, நான் இல்லாத நேரம் நம்ம பக்கம் யாராவது வந்தாங்களா?"

"இல்லையே அக்கா," என்றேன். "நான் யாரையும் காணல்லே."